மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்

(உதகையில் ஒரு கல்லூரியின் மாணவர் நல நாளில் பேசியது. கைதட்டலை மட்டும் நீக்கிவிட்டு அப்படியே எழுதியிருக்கிறேன். அது ஒன்றும் அதிகம் இல்லை.)

விழாவுக்குத் தலைமை தாங்கும் முதல்வர் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி நான் கேள்விப்படாத நல்ல செய்திகளை எல்லாம் சொன்ன துணை முதல்வர் அவர்களே, அலுவலகக் கோப்புகளை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, ஊராட்சியின் முன்னாள் தலைவர் அவர்களே, இந்நாள் தலைவர் அவர்களே! இவர்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்த விழாக் குழுவினரே! மன்னிப்பைப் பற்றிய கூட்டத்தில் இது முதல் சாதனை. பாதிப் பேச்சை நீங்களே பேசி முடித்துவிட்டீர்கள். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, காலையிலிருந்து மைக்கோடு போராடிக்கொண்டிருக்கும் தம்பியே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தமிழ்நாட்டில் பொன்னாடையால் உண்மையிலேயே பயன் இருக்கக்கூடிய ஊர் இது ஒன்றுதான். ஆனால் இதிலும் சரிகைதான் இருக்கிறது, சூடு இல்லை. அடுத்த முறை ஒரு கம்பளி மஃப்ளராகக் கொடுத்தால் மறுக்க மாட்டேன்.

அழைப்பிதழின் மேலே ‘வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். எனக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. நன்றாகச் சிரிக்கிறேன். அது போகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் நான் வேறு பழமொழிக்கு மாறிவிட்டேன். என்னோடு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது மனப்பாடம். ‘மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்.’ பழமொழியில் வரும் மச்சான் மனைவியின் தம்பியோ, அக்காள் புருஷனோ. உங்கள் காலத்தில் அந்த உறவு ரொம்பப் பெருத்துவிட்டது. வகுப்பில் அறுபது பேர் இருந்தால் அறுபது பேரும் மச்சான்தான். பெண் பிள்ளைகளும் ஒருத்தியை ஒருத்தி ‘மச்சி’ என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். சரி, நல்லதுதான். மலையில் படிக்கிறவர்களுக்கு மச்சான் நிறைய வேண்டும்.

நம் மலை ரயிலையே பாருங்கள். 1908இல் உதகைக்கு வந்து சேர்ந்தது, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் எஞ்சின் எங்கே இருக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா? முன்னால் இருக்காது. பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வரும். பெட்டியில் உட்கார்ந்திருப்பவன் தானே ஏறுவதாக நினைத்து ஜன்னல் வழியாகக் கையசைத்துக்கொண்டிருப்பான். தள்ளுகிற மச்சான் கண்ணில் படவே மாட்டான். புகை மட்டும்தான் தெரியும்.

இன்று நகைச்சுவை, மன்னிப்பு, மனநலம் என்று மூன்று விஷயங்களைப் பேசப் போகிறேன். மூன்றுக்கும் சம அளவு நேரம் ஒதுக்கிக் குறிப்பு எடுத்து வந்திருக்கிறேன்.

முதலில் நகைச்சுவை. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையைத்தான் முதலில் வைத்தார். அழுகை அதற்கு அடுத்தது. நகை எதிலிருந்து பிறக்கும் என்பதற்கு நான்கு இடங்களும் சொன்னார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான்கில் எள்ளல்தான் முதலில் நிற்கிறது, அதாவது அடுத்தவனைக் கேலி செய்வது. விடுதியில் ஒரு வாரம் இருந்தவனுக்கு இந்த வரிசை சரிதான் என்று தெரிந்துவிடும். கனடாவில் ராட் மார்ட்டின் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2003இல் மனிதர்கள் சிரிப்பைப் பயன்படுத்தும் விதத்தை ஆராய்ந்து, அவர்களும் நான்காகத்தான் பிரித்தார்கள். நாலு பேரைச் சேர்த்துவைக்கிற சிரிப்பு, கஷ்டத்தில் தன்னைத் தாங்கிக்கொள்கிற சிரிப்பு, பிறரைக் குத்துகிற சிரிப்பு, கூட்டத்தில் இடம் கிடைப்பதற்காகத் தன்னையே மட்டம் தட்டிக்கொள்கிற சிரிப்பு. முதல் இரண்டும் மனதுக்கு நல்லவை, பின் இரண்டும் ஆகாதவை. நான்காவதைக் கொஞ்சம் கவனியுங்கள். வகுப்பிலேயே அதிகம் சிரிக்க வைக்கிற பையன் பல சமயம் அந்த வகைதான். அவன் ஜோக்குக்குச் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் படிப்பதற்கு முன்பே எனக்கு இதில் அனுபவம் உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் வந்து சேர்ந்தோம். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. அப்பா சொல்வார், ‘கடல் தாண்டி வந்தும் செடி மாறலியேடா.’ கல்லூரிக்கு வந்தபோது என் தமிழில் அந்த ஊர் வாடை இருந்தது. ‘பேசிக்கொண்டிருந்தோம்’ என்பதற்கு ‘கதைத்துக்கொண்டிருந்தோம்’ என்று வந்துவிடும். அறையில் என்னோடு தங்கியிருந்தவன் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்காரர் மகன். முதல் நாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டான்: ‘ரேடியோ சிலோன்’. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இலங்கை வானொலிதான் பாடிக்கொண்டிருக்கும். அதனால் அந்தப் பெயரை நானும் கௌரவமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

1978 ஜூலையில் கல்லூரியில் ஒரு விழா. அவன் மேடையேறி என்னைப் போலவே பேசிக் காட்டினான். என் நடை, நான் தலை சாய்ப்பது, என் ‘கதைக்கிறது’ எல்லாம் வந்தது. அரங்கம் புரண்டு சிரித்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அடுத்து என் அப்பாவையும் நடித்துக் காட்டினான். முந்தின வாரம்தான் அப்பா என்னைப் பார்க்க விடுதிக்கு வந்திருந்தார். கூடை சுமந்து பழகிய முதுகு, வாட்ச்மேனைப் பார்த்தே கும்பிடு போட்டார். அந்தக் கும்பிட்டை அவன் மேடையில் போட்டுக் காட்டினான்.

அன்றைக்கு ராத்திரியோடு ரேடியோ நிலையத்தை மூடிவிட்டேன். நான்கு மாதம் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே அறை, ஒரே மண்ணெண்ணெய் ஸ்டவ், பாலுக்கும் ஒரே கணக்கு. பேசாமல் குடித்தனம் நடத்துவது எப்படி என்பதில் நாங்கள் இருவரும் டாக்டர் பட்டமே வாங்கியிருக்கலாம். பால் கணக்கு நோட்டில் அவன் எழுதுவான்: ‘மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது.’ நான் கீழே எழுதுவேன்: ‘தெரியும்.’ அவ்வளவுதான்.

நவம்பர் வந்தது, கூடவே மழையும் வந்தது. 1978 நவம்பர் மழையை இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எங்கே பார்த்தாலும் மண்சரிவு. ஒருநாள் காலையில் அவனுக்குத் தந்தி வந்தது: ‘தாய் சீரியஸ், உடனே புறப்படு.’ குன்னூர் வழி அடைபட்டிருந்தது. கோத்தகிரி வழியாகக் கொஞ்சம் நடந்து இறங்கினால் போய்விடலாம், ஆனால் அவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது. எனக்குத் தெரியும். பால் நோட்டை எடுத்து, ‘புறப்படு, வருகிறேன்’ என்று எழுதி வைத்தேன். கவனியுங்கள், அப்போதும் வாயைத் திறக்கவில்லை!

கோத்தகிரி வரை பஸ் போயிற்று. அதற்குமேல் நடைதான். அரவேனு தாண்டி, ஆளுக்கொரு சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒருவர் முன்னால் ஒருவர் பின்னால் போனோம். ஐந்து மணி நேரம் வாய் திறக்காமல் நடந்தோம். குஞ்சப்பனையை நெருங்கும்போது பின்னாலிருந்து ‘ஐயோ’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு ஒற்றைக் காலில் குதிக்கிறான். கால் முழுக்க அட்டை. மண்டிக்காரர் மகன் அட்டையைப் பார்த்ததே இல்லை. எனக்கு அது பிறந்த வீட்டுச் சொந்தம். இடுப்பில் முடிந்து வைத்திருந்த உப்பை எடுத்து ஒவ்வொன்றாக உதிர்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கடைசி அட்டை விழுந்ததும் கண்ணைத் திறந்தான். மூக்கில் ஒழுகுவது மழையா அழுகையா என்று தெரியவில்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர் குரலில், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:

‘நேயர்களே, தடங்கலுக்கு வருந்துகிறோம்.’

நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அவனும் உட்கார்ந்தான். சிரிப்பு நின்றபின், கைகூப்பி, ‘உங்கப்பாவை நடிச்சதுக்குடா’ என்றான். அந்தக் கும்பிடு நடிப்பில்லை. அதற்கப்புறம் ஒரு லாரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார்.

மேட்டுப்பாளையத்தில் அவன் வீட்டுக்குப் போனால் அம்மா கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். காய்ச்சல் இரண்டு நாள் முன்பே இறங்கிவிட்டதாம். என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ‘நீதான் அந்த ரேடியோவா? நாலு மாசமா இவன் லெட்டர்ல ரேடியோ ரிப்பேர், ரேடியோ ரிப்பேர்னு எழுதறானே. நானும் மடச்சி, புதுசு வாங்கிக்கோன்னு முப்பது ரூபா அனுப்பிச்சேன்!’

அந்த முப்பது ரூபாய் என்ன ஆயிற்று என்பதற்கு அவன் இன்றுவரை கணக்குச் சொல்லவில்லை. இப்போதும் மாதம் ஒருமுறை போன் செய்து ‘நேயர் விருப்பம்’ என்று ஆரம்பிப்பான். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும். எங்கள் விஷயத்தில் மலை இறங்குவதற்கே வேண்டியிருந்தது.

மேடையில் என்னைக் குத்தியதும் வானொலி ஜோக், சேற்றில் என்னைத் தூக்கிவிட்டதும் அதே வானொலி ஜோக். முதல் தடவை அதற்கு நான் செலவானேன். இரண்டாம் தடவை அவனே தன்னைச் செலவழித்தான். இதுவே மன்னிப்புக்கும் வந்துவிட்டது, ஆக இரண்டாவது விஷயத்தையும் தொட்டாயிற்று. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் என்ரைட் என்பவர் பல ஆண்டுகளாக மன்னிப்பை ஒரு பாடமாகவே ஆராய்ந்து வருகிறார். நடந்தது தப்பில்லை என்று ஆக்கிவிடுவது மன்னிப்பு அல்ல என்பதை அவர் அழுத்திச் சொல்கிறார். மன்னித்தவன் மறுபடி நட்பாகத்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், ராகிங் செய்துவிட்டு ‘சும்மா ஜாலிக்கு, மன்னிச்சிடு மச்சான்’ என்று வருகிறவர்கள் உண்டு. அதற்கு இந்த மேடையிலிருந்து சிபாரிசு கிடையாது. தமிழ்நாட்டில் ராகிங்குக்கு 1997 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். புகார் கொடுங்கள். மனதுக்குள் மன்னிப்பதெல்லாம் அப்புறம், உங்கள் வசதிப்படி.

ஆனால் சாதாரண மனத்தாங்கல் வேறு. அது தீர என்ன வேண்டும்? எங்களுக்கு ஐந்து மணி நேர நடை கிடைத்தது. உங்களுக்கு என்ன கிடைக்கிறது? இங்கேதான், வட்டாட்சியர் அவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும், நான் பஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

சிரிக்காதீர்கள். இவன் எந்த மேடையில் ஏறினாலும் பஸ்ஸில்தான் இறங்குவான் என்று சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். கணக்கைப் பாருங்கள். வகுப்பு 4 மணிக்கு முடிகிறது. பஸ் நிலையத்துக்கு 25 நிமிட நடை. எங்கள் ஊர் வழியாகப் போகும் கடைசி பஸ் 5.20. இடம் வேண்டும் என்றால் 4.45க்கே அங்கே நிற்க வேண்டும். மிச்சம் இருப்பது இருபது நிமிடம். காலையில் சண்டை போட்ட இரண்டு பிள்ளைகள் இருபது நிமிடத்தில் எங்கே உட்கார்ந்து டீ குடித்துச் சமாதானம் ஆவார்கள்? வீட்டுக்குப் போய் போனில் தட்டினால் சண்டை பெருக்கத்தான் செய்யும். எழுத்தில் குரல் கேட்காதே! பஸ்ஸை விட்டுவிட்டால் இருட்டில் நடக்க வேண்டும். வழியில் காட்டுமாடு நிற்கும், கரடி நிற்கும். அவற்றுக்கு நகைச்சுவை கிடையாது.

6.45க்கு ஒரு பஸ் விடுங்கள் என்றுதான் கேட்கிறோம். நாலைந்து முறை மனு கொடுத்துவிட்டோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், இது மன்னிப்புக் கூட்டம். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021இல் சமவெளியில் தொடங்கியது. 2024இல்தான் அது மலைக்கு ஏறி வந்தது. மூன்று வருடம் ஆனாலும் வந்ததல்லவா? மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும். இந்த விஷயத்தில் மச்சான் மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார். வட்டாட்சியர் அவர்கள் புன்னகைக்கிறார்கள். அதையும் பரிசீலனையில் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, மனநலம். இதற்குத்தான் நிறைய குறிப்பு வைத்திருந்தேன். துன்பம் வந்தால் சிரி என்ற குறளைக்கூடக் கடைசிக்கு என்று வைத்திருந்தேன். தமிழாசிரியன் குறள் சொல்லாமல் மேடையிறங்கினால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள். ஆனால் மணி 4.50 ஆகிவிட்டது. ஒரே ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிடுகிறேன், போனில் பதிந்துகொள்ளுங்கள்: 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். 2022இலிருந்து நடக்கிறது, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். தூக்கம் வராத ராத்திரியில் மச்சான் போனை எடுக்காவிட்டாலும் அங்கே யாராவது எடுப்பார்கள்.

பின்வரிசையில் நாலைந்து பேர் பையை மாட்டிக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். முதல்வர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் என் பஸ். வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், ஊர்ப் பெயர் தெளிவாக இருக்கட்டும். நன்றி, வணக்கம்.

தம்பி, நீ முன்னால் ஓடு. ஜன்னல் ஓரமாக எனக்கு ஒரு சீட்டுக்குத் துண்டு போட்டு வை. துண்டு இல்லையா? இந்தா, இந்தப் பொன்னாடையை எடுத்துக்கொண்டு போ.