ஏழு நிறுவனங்கள், ஒரே கம்பி

நேயர்களுக்கு வணக்கம்.

1916 பிப்ரவரி 14-ஆம் தேதி மான்ட்ரியலிலிருந்து வான்கூவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போனது. இரண்டும் கனடாவின் நகரங்கள்தான். ஆனால் குரல் போன வழி பஃபலோ, சிகாகோ, ஓமஹா, சால்ட் லேக் சிட்டி, போர்ட்லாந்து. அத்தனையும் அமெரிக்க ஊர்கள். சொந்த நாட்டுக்குள் பேச அடுத்த நாட்டுக் கம்பியை நம்ப வேண்டியிருந்தது.

காரணம், அங்கே தொலைபேசி ஒருவர் கையில் இல்லை. இந்தியாவில் தபால் தந்தித் துறை என்ற ஒரே துறையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். ஒன்டாரியோவும் கியூபெக்கும் பெல் என்ற தனியார் நிறுவனத்தின் பகுதி. மானிடோபா, ஆல்பர்ட்டா மாகாண அரசுகள் 1908-இல் பெல்லின் இணைப்புகளை விலைக்கு வாங்கி, தாங்களே நடத்தின. மறு வருஷம் சஸ்காச்சுவனும் அதே வழிக்கு வந்தது. மேற்குக் கடைசியில் ஒரு தனியார் நிறுவனம், கிழக்கே நோவா ஸ்கோஷியாவிலும் நியூ பிரன்ஸ்விக்கிலும் தலைக்கு ஒன்று.

1927 ஜூலை 1, கனடா கூட்டாட்சியின் வைர விழா. ஒட்டாவா நாடாளுமன்றக் கோபுரத்தின் மணியோசையை நாடு முழுக்க வானொலியில் கேட்கச் செய்தார்கள். அதற்காகத் தொலைபேசி, தந்தி நிறுவனங்கள் தங்கள் கம்பிகளை அந்த ஒரு நாளுக்குச் சேர்த்துக் கட்டின. ஒரு வானொலி நிகழ்ச்சி இவர்களை ஒன்று சேர்த்தது என்பதை இந்த ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஒரு நாள் முடிந்தது நிரந்தரமாக ஏன் முடியாது? 1931-இல் ஏழு நிறுவனங்களும் சேர்ந்து டிரான்ஸ்-கனடா தொலைபேசி அமைப்பைத் தொடங்கின. பொருளாதார மந்தம் கழுத்தை நெரித்த காலம் அது. சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே பாறையும் காடும்தான். கம்பம் நட்டால் கட்டணம் கட்ட அங்கே ஆளில்லை. மேற்கே ராக்கி மலைப் பனி. இருந்தும் அவரவர் எல்லைக்குள் அவரவரே கம்பி இழுத்து, எல்லையில் இணைத்தார்கள். 1932 ஜனவரியில் கவர்னர் ஜெனரல் பெஸ்பரோ பிரபு தடத்தைத் தொடங்கிவைத்தார்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது கம்பியைவிட ஏற்பாடுதான். யாரும் யாரையும் விழுங்கவில்லை. மாகாணம் தாண்டிய ட்ரங்க் கால் வருமானத்தைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். முடிவுகள் ஒருமனதாக இருக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் இல்லை. பெல் எவ்வளவு பெரியதானாலும் சிறிய மாகாண நிறுவனத்தைச் சம்மதிக்க வைத்தே ஆகவேண்டும். வேலை மெதுவாக நடந்திருக்கும், சரி. ஆனால் அந்த உரிமை இல்லாமல் சின்னவர்கள் இத்தனை காலம் கூட இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அப்புறம் 1958 ஜூலை 1-இல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து மேற்குக் கரையிலுள்ள விக்டோரியா நகரம் வரை, கம்பியில்லாமல் அழைப்பைக் கடத்தும் நுண்ணலைக் கோபுரங்களின் தொடர் வேலைக்கு வந்தது. தொலைபேசியோடு நேரடித் தொலைக்காட்சியும் அதில்தான் நாட்டைக் கடந்தது.

கூட்டமைப்பின் பெயர் இரண்டு முறை மாறியது. கடைசிப் பெயர் ஸ்டென்டர். 1992-இல் தொலைதூர அழைப்பில் போட்டிக்கு அனுமதி கிடைத்ததும், ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் வரக்கூடாது என்ற பழைய ஏற்பாடு நிற்கவில்லை. 90-களின் இறுதியில் அமைப்பு கலைந்தது. ஆல்பர்ட்டாவும் மானிடோபாவும் தங்கள் நிறுவனங்களை அதற்குள் தனியாருக்கு விற்றிருந்தன. சஸ்காச்சுவன் விற்கவில்லை, சஸ்க்டெல் இன்றும் மாகாண அரசின் நிறுவனம்தான்.

நன்றி, வணக்கம்.