பெயருக்கு அல்ல, குரலுக்கே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'டோனி பென்னட்டின் கடைசி ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பு அவருடைய பெயருக்கா, குரலுக்கா?' என்ற தலைப்பில், குரலுக்கே என்று வாதிட வந்திருக்கிறேன். நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் 1926இல் பிறந்த அந்தப் பாடகர், பாப் பாடகி லேடி காகாவுடன் இணைந்து, பழைய அமெரிக்கப் பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான கோல் போர்ட்டரின் பாடல்களை மட்டுமே பாடிய 'லவ் ஃபார் சேல்' 2021 அக்டோபரில் வெளிவந்தபோது அவருக்கு வயது 95. அமெரிக்க ஆல்பங்களின் வாராந்தர வரிசையான பில்போர்டு 200 பட்டியலில் அது எட்டாம் இடத்தில் நுழைந்தது. 2022 கிராமி இசை விருது விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான போட்டியில் இடம்பெற்றதோடு, மரபுவழி பாப் பாடல் ஆல்பத்துக்கான விருதையும் வென்றது.

எதிரணித் தலைவர் இந்த வரவேற்புக்கு மூன்று காரணங்கள் சொன்னார். பென்னட்டுக்கு அல்சைமர் என்ற நினைவிழப்பு நோய் என்ற செய்தி அதே ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்ததால் எழுந்த இரக்கம் ஒன்று. லேடி காகாவின் ரசிகர் பட்டாளம் இன்னொன்று. தொண்ணூறைத் தாண்டிய தொண்டையில் கேட்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது, மக்கள் வாங்கியது பழைய பெயரைத்தான் என்பது மூன்றாவது.

இரக்கம் என்ற வாதம் ஆண்டுக் கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது. நோய் பற்றி ரசிகர்கள் எதுவும் அறியாத 2011இலேயே, 85ஆம் வயதில், அவருடைய 'டூயட்ஸ் 2' அதே பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2014இல் 'சீக் டு சீக்' மீண்டும் முதலிடம் பிடித்தது. இரக்கப்படக் காரணம் இல்லாதபோது முதலிடம் கொடுத்தவர்கள், காரணம் கிடைத்தபோது எட்டாம் இடம் கொடுத்திருக்கிறார்கள். இரக்கம்தான் விற்றது என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அதெல்லாம் கூட்டாகப் பாடிய ஆல்பங்கள்தானே என்று எதிரணியினர் கேட்பார்கள். 1994இல் எம்டிவி இசைத் தொலைக்காட்சியின் 'அன்ப்ளக்ட்' நிகழ்ச்சி மேடையில், ஒரு பியானோ, ஒரு பாஸ், ஒரு டிரம்ஸ் என்ற சிறு குழுவோடு அவர் நின்றார். இரண்டு விருந்தினர்கள் சிறிது நேரம் வந்து போனார்கள்; மற்றபடி முழுச் சுமையும் அவர் குரல்மீதுதான். அந்த நிகழ்ச்சியின் பதிவாக வந்த ஆல்பம்தான் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. அப்போது லேடி காகா எட்டு வயதுச் சிறுமி.

நடுவர் அவர்களே, பெயர் என்ற வாதத்தை அவ்வளவு எளிதாக விட்டுவிட எனக்கு மனமில்லை. சான் பிரான்சிஸ்கோவைப் பற்றி 1962இல் அவர் பாடிய பாடலுக்குப் பிறகு அமெரிக்காவில் அவர் பெயரை அறியாதவர் குறைவு. புகழ்பெற்ற பாடகர் ஃபிராங்க் சினாட்ராவே இந்தத் தொழிலில் மிகச் சிறந்த பாடகர் என்று 1965இல் அவரைக் குறிப்பிட்டார். அத்தகைய பெயரை வைத்துக்கொண்டு, காலத்துக்கேற்ற புதுப் பாடல்களைப் பாடச் சொல்லி கொலம்பியா இசைப்பதிவு நிறுவனம் வற்புறுத்தியதன் விளைவாக 1970இல் ஓர் ஆல்பம் வந்தது. அட்டையில் பெயர் இருந்தது, புகழ் இருந்தது, பெரிய நிறுவனத்தின் பலம் இருந்தது. ஆனால் ஆல்பம் எடுபடவில்லை. சில ஆண்டுகளில் அந்த நிறுவனத்தை விட்டே அவர் விலகினார். எழுபதுகளின் இறுதியில் பதிவு ஒப்பந்தம் எதுவும் கையில் இல்லை. வரிக் கடன் கழுத்தை நெரித்தது. போதைப் பழக்கம் 1979இல் உயிரையே பறிக்கப் பார்த்தது. பெயர் சோறு போடும் என்றால், அவருக்கு அது போட்டிருக்க வேண்டிய காலம் அதுதான்.

அதன்பின் அவருடைய தொழிலை நிர்வகிக்கும் பொறுப்பேற்ற மகன் டேனி, தந்தையின் பாடல்களையும் மாற்றவில்லை, உடையையும் மாற்றவில்லை. இளைஞர்கள் இருக்கும் இடத்துக்கு அவரை அப்படியே அழைத்துச் சென்றார். அது விளம்பரத் திறமைதான் என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளம்பரம் ஒருவரை ஒருமுறைதான் கேட்க வைக்கும். அடுத்து கால் நூற்றாண்டுக்கும் மேல் அவர்களை உட்கார வைத்தது எது?

அதற்கு விடை அவர் பாடும் முறையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியதும் அவர் பெல் கான்டோ என்ற இத்தாலியக் குரல் பயிற்சியை முறையாகக் கற்றார். மற்ற பாடகர்களைப் பின்பற்றாதே, வாத்தியக் கலைஞர்களைப் பின்பற்று என்று ஓர் ஆசிரியை சொன்னதைக் கேட்டு, ஜாஸ் கலைஞர் ஆர்ட் டேட்டமின் பியானோவிலிருந்து சொற்களைப் பிரித்து நிறுத்தும் விதத்தை எடுத்துக்கொண்டார். முதுமை உச்ச ஸ்தாயியைக் குறைக்கும், குரலில் கரகரப்பைச் சேர்க்கும்; எந்தச் சொல்லில் நிற்க வேண்டும், எதைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் விட வேண்டும் என்ற அறிவை அவ்வளவு எளிதில் எடுத்துச் செல்லாது.

'லவ் ஃபார் சேல்' ஆல்பத்தில் 'சோ இன் லவ்' என்ற பாடலை அவர் தனியாகப் பாடியிருக்கிறார். லேடி காகாவின் குரல் அதில் கிடையாது. தொடக்க அடிகளில் கரகரப்பு நன்றாகவே தெரிகிறது, அதை அவர் மறைக்கவும் முயலவில்லை. ஒவ்வொரு அடியையும் ஒருவரிடம் நேரில் சொல்வது போலச் சொல்லி, வலிமையைச் சேமித்து வைத்து, மெட்டு மேலேறும் பிற்பகுதியில்தான் அதைச் செலவிடுகிறார்.

2021 ஆகஸ்டில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் அவர் தம் இறுதிக் கச்சேரிகளைப் பாடினார். அன்றாட நிகழ்வுகளே நினைவில் தங்காத நிலையிலும் பாடல் வரிகள் அவரைக் கைவிடவில்லை. எதிரணியினர் இதையும் இரக்கத்தின் கணக்கில் எழுதக்கூடும். எழுபது ஆண்டுப் பயிற்சி நினைவையும் தாண்டி ஒருவரிடம் தங்கியிருப்பதைக் கண்டு எழுந்து நின்று கைதட்டிய அவையை நான் அப்படிக் குறைத்துப் பார்க்க மாட்டேன்.

நடுவர் அவர்கள் தீர்ப்பை எழுதுவதற்கு முன் அந்த 'சோ இன் லவ்' பாடலை ஒருமுறை முழுவதுமாகக் கேட்குமாறு வேண்டுகிறேன். பாடுபவர் யார் என்று தெரியாத ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்பது இன்னும் நல்லது.

நன்றி, வணக்கம்.