தப்பே பண்ணாமல் ஆடினால் செஸ் டிராதானா?

எல்லாருக்கும் வணக்கம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு தம்பி பிடித்துக்கொண்டான்: "சார், ரெண்டு பேரும் தப்பே பண்ணாம ஆடினா செஸ் டிராதானே?" பந்தயம் என்றால் நானும் டிரா பக்கம்தான் காசு வைப்பேன், ஆனால் நிரூபி என்றால் கையை விரிக்க வேண்டியதுதான்.

1913-லேயே செர்மெலோ என்ற கணித மேதை இதைத் தொட்டுவிட்டார். வெள்ளை கட்டாயம் ஜெயிக்க வழி இருக்கும், அல்லது கருப்புக்கு இருக்கும், இரண்டும் இல்லையென்றால் டிரா. இந்த மூன்றில் எது என்பதுதான் இன்றுவரை பாக்கி.

கருப்பா என்று சிரிக்காதீர்கள். இந்தப் பலகையைப் பாருங்கள்: வெள்ளை ராஜா இ5, அவருக்குப் பின்னால் சிப்பாய் இ4, எதிரே கருப்பு ராஜா இ7. இப்போது வெள்ளை நகர்த்த வேண்டும் என்றால் டிரா. அதே நிலையில் கருப்பு நகர்த்த வேண்டியிருந்தால், அவர் ஒதுங்கி வழிவிட்டே ஆக வேண்டும், சிப்பாய் ராணியாகிவிடும். முதலில் தொட்டவனுக்கு நஷ்டம்! 32 காய்கள் நிற்கும் தொடக்க நிலையும் அப்படி இல்லை என்று யாரும் நிரூபித்ததில்லை. எனக்கு நம்பிக்கையில்லைதான், ஆனால் என் நம்பிக்கையெல்லாம் கணக்கில் சேராதே.

இதே மாதிரி பலகையில் வட்டக் காய்களை வைத்து ஆடும் செக்கர்ஸ் ஆட்டத்துக்கு விடை கிடைத்துவிட்டது, 2007-இல் ஜொனதன் ஷேஃபர் குழு பல வருடங்கள் கணினிகளை ஓடவிட்டு டிரா என்று முடித்தார்கள். செஸ்ஸில், எந்த நிலையில் யார் ஜெயிப்பார், எது டிரா என்று சொல்லும் முழு அட்டவணை, பலகையில் மொத்தம் 7 காய்கள் வரைக்கும்தான் இருக்கிறது. மற்றபடி, கணினி நிரல்கள் மோதும் போட்டிகளில் ஆரம்ப நகர்த்தல்களை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாகக் கொடுத்துத்தான் ஆடவிடுகிறார்கள், இல்லாவிட்டால் டிராவாகவே கொட்டும்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். 2024 டிசம்பர் 12, உலகப் பட்டத்துக்கான 14-ஆவது ஆட்டம், நம்ம குகேஷ் கருப்பு. ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், குகேஷுக்கு மட்டும் ஒரு சிப்பாய் அதிகம். ராஜாக்களையும் சேர்த்து 9 காய்கள், டிரா என்றுதான் பார்த்தவர்கள் எல்லாம் எழுந்திருக்கத் தயாரானார்கள். 55-ஆவது நகர்த்தலில், வெள்ளை ஆடிய சீனாவின் டிங் லிரென் யானையை எஃப்2-வில் வைத்தார், அதுதான் தப்பு. யானைகள் போயின, பிஷப்புகளும் போயின, மிச்சம் 5 காய்கள். இப்போது அட்டவணையே சொல்லிவிடும், கருப்பு ஜெயிக்கும் என்று.

அட, அந்தத் தம்பி எங்கே? மேலே வாப்பா. முதலில் காட்டிய அந்த ராஜா-சிப்பாய் பலகையை நான் கலைக்கவில்லை. வெள்ளையை நீ பிடி, நகர்த்துவதும் நீதான். உன் டிராவை எனக்குத் தராமல் ஜெயித்துக் காட்டு பார்ப்போம்.