ஜிங்க் ஒரு வருடமாகத் தேயவே இல்லை, நல்லதுதானே? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மற்றதையெல்லாம் அடுத்த முறை எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு கேள்வி மூன்று நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கேட்டவர் ஒரு தங்கச்சி. பெயர் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன்.

"அண்ணா, எங்க வீட்டுக்காரர் வள்ளத்துல 9.9 மோட்டார் ஓடுது. புது ஜிங்க் மாட்டி ஒரு வருஷம் ஆச்சு, துளிகூடத் தேயல. நல்ல சரக்குன்னு சந்தோஷமா சொல்றார். ஆனா காலிலயும், வள்ளத்துல மாட்டுற பிராக்கெட்டிலயும் பெயிண்டுக்கு அடியில வெள்ளையா பூத்து உரியுது. கரைக்கு வந்ததும் தினமும் நான்தான் குடத்துல தண்ணி எடுத்துட்டுப் போய் ஊத்திக் கழுவுறேன். எங்க தப்பு?"

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 9.9 என்பது வள்ளத்தின் பின்னால் மாட்டும் மோட்டாரின் குதிரைத்திறன். கால் என்பது அதில் தண்ணீருக்குள் இறங்குகிற பகுதி. ஜிங்க் என்பது அந்தக் காலில் மாட்டும் துத்தநாகக் கட்டி. எவ்வளவு அருமையான கேள்வி பாருங்கள். பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஜிங்க் தேயவில்லை, கால் பூக்கிறது. இரண்டும் ஒரே செய்திதான் தங்கச்சி.

முதலில் இதைப் பாருங்கள். கேமராவை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டு வா தம்பி. இது மோட்டார் விசிறிக்கு, அதாவது புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டுக்கு அடியில் மாட்டியிருந்த ஜிங்க். போன மாதம் ஒரு மோட்டாரிலிருந்து கழற்றியது. கொப்பரையை எலி அரித்தது போல இருக்கிறதா? ஓரமெல்லாம் போய், நடுவில் குழி குழியாக, தொட்டால் சாம்பல் நிறத்தில் மாவு ஒட்டுகிறது. இதுதான் வேலை செய்த ஜிங்க். இந்த மோட்டாரின் காலை நான் தடவிப் பார்த்தேன், ஒரு கொப்புளம் இல்லை. இப்போது இந்தக் கையில் இருப்பதைப் பாருங்கள். இது இரண்டு வருடம் கடலில் கிடந்தது. கடையில் வாங்கிய மாதிரியே இருக்கிறது. இதை மாட்டியிருந்த காலில் நகத்தை வைத்து அழுத்தினால் பெயிண்டு உடைந்து உள்ளே இறங்குகிறது. அங்கே அலுமினியமே இல்லை, வெறும் வெள்ளைப் பொடி.

பழைய நேயர்களுக்கு இது தெரியும், நான் எத்தனையோ முறை சொன்னதுதான். கடல்தண்ணீருக்குள் இரண்டு வேறு வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் அது ஒரு பேட்டரி. அதில் ஒன்று கரைந்தே ஆக வேண்டும். உங்கள் மோட்டாரின் கால் அலுமினியம். அதில் ஸ்டெயின்லெஸ் போல்ட் இருக்கிறது, ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் இருக்கிறது. ஜிங்க் இல்லாவிட்டால் இந்தக் கூட்டத்தில் கரைவது அலுமினியம்தான். ஜிங்க் இருந்தால் அது முந்திக்கொண்டு கரையும், அலுமினியம் தப்பிக்கும். தேய்வதற்காகவே காசு கொடுத்து வாங்குகிற பொருள் அது. பாதி தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். தேயவில்லை என்றால் அது வேலைக்கே வரவில்லை என்று அர்த்தம்.

சரி, ஏன் வேலைக்கு வரவில்லை? என் அனுபவத்தில் முதல் காரணம் பெயிண்டு. நான் வேலை கற்றுக்கொள்ளப் போன புதிதில் ஒரு மோட்டாருக்குப் பெயிண்டு அடிக்கச் சொன்னார்கள். ஜிங்க்கையும் சேர்த்து வழவழவென்று அடித்து வைத்தேன். ஆசான் வந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. உப்புத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அரை நாள் தேய்த்தேன். சாயங்காலம் வந்து ஜிங்க்கைக் கழற்றச் சொன்னார். கழற்றினால் அதற்கு அடியில், மோட்டாரோடு உட்காருகிற இடத்திலும் பெயிண்டு. அதையும் தேய்த்து அலுமினியம் பளபளவென்று தெரிந்த பிறகுதான் மாட்டச் சொன்னார். மேலே அடித்த பெயிண்டு கண்ணுக்குத் தெரியும், அடியில் இருப்பது தெரியாது. உலோகமும் உலோகமும் நேராகத் தொட வேண்டும். நடுவில் பெயிண்டு, சிலிக்கோன், பழைய உப்புப் படலம் எது இருந்தாலும் கரண்டு போகாது. உங்கள் வீட்டுக்காரர் ஜிங்க் மாட்டும்போது காலுக்கும் பெயிண்டு அடித்தாரா என்று கேளுங்கள். அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

சோதிப்பது சுலபம். வயரிங் வேலை செய்யும் யாரிடமும் மல்டிமீட்டர் இருக்கும். சத்தம் போடும் இடத்தில் திருப்பி வைத்து, ஒரு முனையை ஜிங்க்கில் லேசாகச் சுரண்டிய இடத்திலும், இன்னொரு முனையைக் காலில் பெயிண்டு போன வெற்று உலோகத்திலும் வையுங்கள். பீப் என்று கத்தினால் தொடர்பு இருக்கிறது. கத்தாவிட்டால் கழற்றித் தேய்த்து மாட்ட வேண்டியதுதான்.

மீட்டர் கத்துகிறது, ஆனாலும் தேயவில்லை என்றால் அந்த ஜிங்க்கே சரியில்லை. பழைய ஜிங்க் துண்டுகளை உருக்கி வார்த்து விற்கிறார்கள். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். நல்ல ஜிங்க்கில் இரும்பு ஒரு லட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் கலந்தால் மேலே ஒரு தோல் பிடித்து அப்படியே அடங்கிப்போகும். இரும்புச் சட்டியில் உருக்கினாலே கலந்துவிடும். அதனால் வீட்டில் வார்த்துப் பார்க்காதீர்கள். ஆற்றிலும் ஏரியிலும் ஓட்டுகிறவர்கள் சிலர் இதைப் பார்க்கிறீர்கள், உங்களுக்கு இன்னொரு செய்தி. நல்ல தண்ணீரிலும் ஜிங்க் அப்படித்தான் தோல் பிடித்து அடங்கும். அங்கே மக்னீசியம்தான் போட வேண்டும். அதே மக்னீசியத்தைக் கடலுக்குக் கொண்டுவந்தால் வேகமாகக் கரைந்து காணாமல் போய்விடும்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். இந்த ஜிங்க் விஷயம் மோட்டார் வருவதற்கு எவ்வளவோ முன்னால் தொடங்கியது. மரக்கப்பலின் அடியைப் புழு அரிக்காமல் இருக்கச் செம்புத் தகடு அடிப்பார்கள். கடல்தண்ணீர் அந்தச் செம்பைத் தின்றது. 1824இல் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி, செம்போடு கொஞ்சம் இரும்போ ஜிங்க்கோ சேர்த்து வைத்தால் செம்பு கரையாது என்று கண்டுபிடித்தார். சமரங் என்ற போர்க்கப்பலில் நான்கு இரும்புக் கட்டிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். அந்தக் கப்பல் எங்கே கட்டியது தெரியுமா? நம் பக்கத்துக் கொச்சியில், 1822இல். இதை முதலில் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரும்பு கரைந்தது, செம்பு தப்பியது. ஆனால் கப்பலின் அடியெல்லாம் பாசியும், கொட்டலசு என்கிற ஓடுள்ள சிறு கடலுயிரும் அப்பிக்கொண்டன. ஏனென்றால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அந்த விஷம் இருந்ததால்தான் கொட்டலசு ஒட்டாமல் இருந்தது. கரையாத செம்பு அந்த வேலையைச் செய்யவில்லை. அங்கே செம்பு தேய வேண்டும், இங்கே ஜிங்க் தேய வேண்டும். நான் திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், மோட்டாரில் பாதி நோய் இதைப் புரிந்துகொள்ளாமல் வருவதுதான். செம்பு என்றதும் ஞாபகம் வருகிறது, கொட்டலசு பிடிக்காமல் இருக்க விற்கும் செம்பு கலந்த பெயிண்டை அலுமினியக் காலில் அடிக்கவே அடிக்காதீர்கள். காலை அதுவே தின்றுவிடும்.

இப்போது தங்கச்சி கேட்டதில் மற்ற பாதி. பிராக்கெட்டும் பூக்கிறது என்றாரே. பிராக்கெட் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே இருக்கிறது, அலை தெறித்து நனைகிற இடம். ஜிங்க் அதோடு சேர்ந்து தண்ணீருக்குள் இருக்கிற பாகத்தைத்தான் காப்பாற்றும். அங்கே ஜிங்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கை எட்டாது. நம் கரையில் மோட்டாரை யாரும் கடலிலேயே விடுவதில்லை, நாற்பது கிலோ மோட்டாரைத் தோளில் தூக்கி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவோம். கரைக்கு வந்த நிமிடத்தோடு ஜிங்க்கின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு மோட்டாரைக் காப்பது நீங்கள் ஊற்றுகிற தண்ணீர்தான்.

மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிந்து அடியில் தண்ணீர் நிற்கும் இல்லையா? அதேதான் மோட்டார் மேலும் நடக்கிறது. வெயிலில் காய்ந்த உப்பு சும்மா இருப்பது போலத் தெரியும். ராத்திரி காற்றில் ஈரம் ஏறியதும் அது நீர் இழுத்துக்கொண்டு கசியும். போல்ட் தலைக்கு அடியில், பெயிண்டு விரிசலில், திரும்பவும் கடல் உண்டாகிவிடும். மறுநாள் நீங்கள் கடலுக்கே போகாவிட்டாலும் அரிப்பு நிற்காது.

தங்கச்சி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் குடத்தில் என்ன தண்ணீர்? கடற்கரையில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு கரிக்கிறது. நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அது கழுவிய கணக்கில் வராது. குடிதண்ணீர்தான் என்றால், நீங்கள் சுமந்து வந்த தண்ணீரில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. மேலே இருந்து மொத்தமாகக் கவிழ்த்தால் பாதி தரையில் போய்விடும். ஒரு செம்பில் எடுத்து, பிராக்கெட் இடுக்கு, திருகுப் பிடி, போல்ட் தலை என்று இடம் பார்த்து ஊற்றிப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். இரண்டு குடம் தாராளமாகப் போதும்.

ஆனால் வெளியே ஊற்றுவது வெளியைத்தான் கழுவும். எஞ்சின் குளிர்வதற்கு உள்ளே கடல்தண்ணீர் ஓடியிருக்கிறதே, அது எப்படிப் போகும்? 200 லிட்டர் பீப்பாயை வெட்டி, நூறு லிட்டர் நல்ல தண்ணீர் நிரப்புங்கள். தண்ணீர் இழுக்கிற துவாரம் நன்றாக மூழ்க வேண்டும். மோட்டாரை அதில் நிறுத்தி, நியூட்ரலில் பத்து நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். பத்து நிமிடம் ஏன்? எஞ்சின் சூடானால்தான் உள்ளே தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் முழுதாகச் சுற்றும். ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தினால் உப்பு உள்ளேயே காயும். தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்டிவிடாதீர்கள், தண்ணீரை இழுத்துத் தள்ளுகிற ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கருகிவிடும்.

தினமும் நூறு லிட்டருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஐந்து நாள் அதே தண்ணீர் போதும், கணக்குப் போட்டுப் பாருங்கள். கடலில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உள்ளே அரை லிட்டர் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்குப் பதினேழரை கிராம். ஐந்து நாளுக்கு எண்பத்தேழரை கிராம். நூறு லிட்டரில் அது கலந்தால் லிட்டருக்கு ஒரு கிராம்கூட இல்லை. கடலில் நாற்பதில் ஒரு பங்கு. ஆறாம் நாள் மாற்றுங்கள்.

பூத்த இடத்துக்கு மேலேயே பெயிண்டு அடிக்காதீர்கள். வெள்ளைப் பொடி முழுக்கப் போகும் வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, அலுமினியத்துக்கு என்று இருக்கிற பிரைமர் அடித்து, அப்புறம் பெயிண்டு. போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். சிலர் பழைய எஞ்சின் ஆயிலை மோட்டார் முழுக்கப் பூசுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. ரப்பர் ஊதிப்போகும், உப்பும் மணலும் அதில் ஒட்டிக்கொள்ளும். விசிறியைக் கழற்றும்போது ஷாஃப்டில் தங்கூசி, அதாவது மீன்பிடி நைலான் நரம்பு, சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஷாஃப்டைச் சுற்றி இருக்கும் ஆயில் சீல் ரப்பரை அது அறுத்தால் கியர் ஆயிலில் கடல்தண்ணீர் இறங்கிவிடும்.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருக்கிற கேள்வி வேறொன்று. ஆனி, ஆடியில் வள்ளம் அலையில் கவிழ்ந்து மோட்டார் முழுக்க மூழ்கினால் என்ன செய்வது? 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் பட்டறை வாசலில் மணல் மூடிய மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. ஒரு பெரியவர் மட்டும் தன் மோட்டாரை ஊர்க் குளத்துத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் முக்கி வைத்திருந்தார். பார்த்தவர்கள் அவரைத் திட்டினார்கள், மறுபடியும் தண்ணீரிலா என்று. அந்த மோட்டார்தான் பிழைத்தது. வெயிலில் காய வைத்த மற்றதிலெல்லாம் உள்ளே பேரிங் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு பிடிக்கும், உப்பும் சேர்ந்தால் அது வேகமாக ஓடும். மெக்கானிக் வர நேரம் ஆகும் என்றால் நல்ல தண்ணீரில் மூழ்கவே வைத்திருங்கள்.

வெளியே எடுத்ததும் பிளக்கைக் கழற்றி, மோட்டாரைக் கவிழ்த்துத் தண்ணீர் வடியவிட்டு, கார்பரேட்டரைக் காலி செய்து, உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றி அலசுங்கள். பிளக் துவாரத்தில் டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி, கயிற்றை மெதுவாக, மிக மெதுவாக இழுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கியிருந்தால், கயிறு எங்காவது தடுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். உள்ளே கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம், இழுக்க இழுக்கச் சேதம் கூடும். தடுக்காமல் சுற்றினால், அன்றைக்கே ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் பீப்பாயில் ஓட விடுங்கள்.

தங்கச்சி, மல்டிமீட்டர் கத்தியதா இல்லையா என்று எழுதுங்கள். ஜிங்க்கைக் கழற்றினால் அதன் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த முறை அதை வைத்தே தொடங்குகிறேன்.