தோட்டாவுக்கு 3 பவுண்டு, மானுக்கு 700 பவுண்டு: பிரிட்டனில் மான் வேட்டையின் கணக்கு

[காட்சி: மழைத்தூறலில் ஸ்காட்லாந்து மலைச்சரிவு. பழுப்புநிறப் புதர்களுக்கு நடுவே ஊர்ந்துபோகும் இருவர்.]

வணக்கம். திரையில் ஊர்ந்துபோகும் இருவரில் முன்னால் இருப்பவர் சம்பளம் வாங்குகிறவர், பின்னால் இருப்பவர் பணம் கொடுத்தவர். இன்று காலையிலிருந்து ஐந்து மணி நேரமாக இப்படித்தான் இருக்கிறார்கள். நடை, பிறகு குனிந்த நடை, பிறகு முழங்கால், கடைசியில் வயிறு. சட்டைக்குள் சதுப்புநீர் புகுந்துவிட்டது. எல்லாம் சரியாக நடந்தால் பின்னால் இருப்பவர் ஒரே ஒரு தோட்டாவைச் சுடுவார். அதன் விலை சுமார் 3 பவுண்டு. அந்த நாளுக்கு அவர் கட்டியதோ 700 பவுண்டு போல. ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அந்த 700 பவுண்டு எங்கே போகிறது என்பதுதான் இந்த வீடியோ.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். இங்கே பேசுவது முழுக்க பிரிட்டனைப் பற்றி. அங்கே ஆறு வகை மான்கள் திரிகின்றன. சிவப்பு மானும் ரோ மானும் மண்ணின் மைந்தர்கள், மற்றவை வந்தேறிகள். முண்ட்ஜாக் என்று ஒன்று இருக்கிறது. நம் காடுகளில் நாய்போலக் குரைக்கும் கேளையாட்டின் சீனத்துப் பங்காளி அது. ஒரு பிரபுவின் வோபர்ன் அபே என்ற பண்ணையில் கொண்டுவந்து விட்டதும், அங்கிருந்து தப்பியதுமாக இப்போது தென் இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில் ரோஜாச் செடியைத் தின்றுகொண்டிருக்கிறது. மான்களை அடக்க அங்கே ஓநாய் கிடையாது, ஓநாய் அழிந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. இளம் மரக்கன்றுகளைக் காப்பாற்ற அரசு வனத்துறையே ஆள் வைத்து மான்களைச் சுடுகிறது. பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் அதே வேலையைக் காசு கொடுத்துச் செய்கிறார்கள்.

[திரையில்: ஒரு மேஜை. அதன்மேல் ரைபிள், தொலைநோக்கி, பூட்ஸ், ஒரு பழைய நோட்டுப் புத்தகம்.]

புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது துப்பாக்கி என்ன விலை என்பதைத்தான். சரி, அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

போலீஸ் தரும் ஃபயர்ஆர்ம் சான்றிதழுக்கு 2025 பிப்ரவரி முதல் 198 பவுண்டு. அதற்கு முன்பு 88தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 131. துப்பாக்கியைப் பூட்டிவைக்க இரும்பு அலமாரி, 200 என்று வைத்துக்கொள்வோம். பயன்படுத்திய ரைபிள் 500க்குக் கிடைக்கும்; புதிய ஃபின்லாந்து டிக்கா என்றால் ஆயிரத்தைத் தாண்டும். அதன்மேல் பொருத்திக் குறிபார்க்கும் ஸ்கோப்புக்குச் சுமாராக 400. ஸ்வரோவ்ஸ்கி, ஸைஸ் என்று உயர்ந்த பிராண்டுகள் பக்கம் கண் போனால் ஸ்கோப்பே ரைபிளைவிட விலை கூடிவிடும். ஓசையைக் குறைக்கும் மாடரேட்டர் 250, தொலைநோக்கி 300, மழைக்குத் தாங்கும் உடையும் பூட்ஸும் 300, அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழுக்கு இன்னொரு 350. கூட்டினால் ஏறக்குறைய 2,500 பவுண்டு. சிக்கனக்காரரின் கணக்கு இது.

பெரிய தொகைதான். ஆனால் இந்தச் சாமான்கள் பத்து ஆண்டுகள் உழைக்கும். ஆண்டுக்கு 250. கால்ஃப் ஆடுகிறவர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

இன்னும் ஒன்று. இதில் எதையுமே வாங்காமலும் மான் வேட்டைக்குப் போகலாம். பிரிட்டிஷ் சட்டம் ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. தனியார் நிலத்தில், உரியவர் கூடவே இருந்தால், பதினேழு வயது நிரம்பிய விருந்தினர் சான்றிதழ் இல்லாமலே அவருடைய ரைபிளை இரவல் வாங்கிச் சுடலாம். எஸ்டேட்டுகள், அதாவது வேட்டைக்கு விடும் பெரிய தனியார் நிலங்கள், இதற்கென்றே ஒரு ரைபிள் வைத்திருக்கும். சுடத் தெரியும் என்று வாயால் சொன்னால் போதாது. மலையேறும் முன் மான் வடிவத்தில் வெட்டிய இரும்புத் தகட்டைச் சுட்டுக் காட்ட வேண்டும்.

ஆக, துப்பாக்கி இல்லாமலும் வேட்டையாடலாம். நிலம் இல்லாமல் முடியாது. செலவின் மர்மம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

காட்டு மான் பிரிட்டனில் யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சுடும் உரிமை மட்டும் நிலத்தோடு போகிறது. அதனால் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது மானை அல்ல; இன்னொருவர் மலையில் ஒரு நாளை. கூடவே அந்த மலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்த ஒரு மனிதரின் மூளையை. ஸ்காட்லாந்தில் அவரை ஸ்டாக்கர் என்பார்கள். உதவியாளர் கில்லி, நம் கிட்டிப்புள்ளுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.

ஸ்டாக்கர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஒரு பிடி புல்லைக் கிள்ளி விடுகிறார். அது விழும் திசையைப் பார்க்கிறார். மான்கள் கண்ணெதிரே அரைக் கிலோமீட்டரில் இருந்தும், எதிர்ப்பக்கமாகத் திரும்பி இரண்டு கிலோமீட்டர் சுற்றி நடக்கிறார். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசினால் மான் உங்களைப் பார்க்கவே தேவையில்லை, வாசனையே போதும். கடைசி நூறு மீட்டரில் காற்று மாறி, கூட்டம் முழுவதும் தலைதூக்கி, மலைமுகட்டைத் தாண்டி மறைந்துவிடுவதும் உண்டு. அதற்கும் பில் உண்டா? இடத்தைப் பொறுத்தது. சில எஸ்டேட்டுகள் மான் விழுந்தால் மட்டும் வாங்கும், சில நாளுக்கென்று வாங்கும். போகும் முன் கேட்டுவிடுவது நல்லது.

ஒரே மலையில் சிவப்பு மானில் ஆணான கலைமானுக்கு ஒரு விலை, பெண்ணான பிணைமானுக்கு ஒரு விலை. இலையுதிர்காலத்தில் கலைமான் பிளிறித் திரியும் வாரங்களுக்கு 500 முதல் 1,000 பவுண்டு வரை. பிணைமானின் பருவம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. அதற்கு ஏறக்குறைய பாதி. கொம்பு இல்லை, பகல் குறுகியது, பனி, உறைகாற்று. எஸ்டேட்டுக்கோ மந்தையைக் குறைத்தாக வேண்டும். என்னைக் கேட்டால், வேலையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் ஜனவரியில்தான் போக வேண்டும். அந்தக் குளிரில் படம் எடுத்துப்போட வருகிற கூட்டம் இருக்காது.

[திரையில்: ரோ மானின் சிறு கொம்பு, பக்கத்தில் ஒரு தராசு.]

இங்கிலாந்தின் தெற்கே கதை வேறு. ரோ மானுக்கு ஒருமுறை போய்வர 100 முதல் 200 பவுண்டு. கேட்க மலிவாகத் தோன்றும். கிடுக்கிப்பிடி கொம்பில் இருக்கிறது. சர்வதேச முறைப்படி கொம்பை அளந்து புள்ளி போடுவார்கள். 105 என்றால் வெண்கலம், 115 வெள்ளி, 130 தங்கம். பல இடங்களில் பதக்கத்துக்கு ஏற்ப பில் ஏறும். விடியற்காலை மங்கலில், தொண்ணூறு மீட்டர் தூரத்தில், புல்லுக்கு மேலே தெரியும் கொம்பின் எடையைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். புதியவர் 'ஏதோ சின்னக் கலைமான்' என்று நினைத்துச் சுடுவார். கிட்டே போய்ப் பார்த்தால் தங்கம். அன்று அவருடைய முகத்தில் வெற்றியும் கிரெடிட் கார்டும் ஒன்றாகத் தெரியும். காயம்பட்டுத் தப்பிய மானுக்கும் முழுக் கட்டணம் வாங்கும் வழக்கம் உண்டு. அதில் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

'இறைச்சி மிச்சமாகுமே' என்று வீட்டில் சொல்லி அனுமதி வாங்குகிறவர்கள் இந்தப் பகுதியை மனைவிக்குக் காட்ட வேண்டாம். பெரும்பாலான இடங்களில் உடல் எஸ்டேட்டுக்குத்தான். வேண்டுமென்றால் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மூன்று முறை போய் ஒருமுறை மான் விழுகிறது என்று வைப்போம். ஒருமுறைக்கு 120, ஆக 360. பதினைந்து கிலோ ரோ மானை கிலோ 4 பவுண்டுக்கு எடுத்தால் 60. மொத்தம் 420. எலும்பு நீக்கினால் எட்டுக் கிலோ கறி மிஞ்சும். கிலோ 52 பவுண்டுக்கு மேல் விழுகிறது. பெட்ரோலை இன்னும் சேர்க்கவில்லை. அதில் ஒரு சிறு பங்கு விலைக்கு ஊர்க் கசாப்புக் கடையில் மான்கறி கிடைக்கும், சுத்தம் செய்து பொட்டலம் கட்டியே தருவார்கள்.

செலவைக் குறைக்க ஒரு பாதை இருக்கிறது. கோதுமைப் பயிரை மான் மேய்ந்து நொந்துபோன விவசாயி யாராவது ஒருவரைச் சம்மதிக்க வைப்பது. அவர் காசு கேட்கமாட்டார். பதிலுக்கு வேலி கட்டும்போது கை கொடுக்க வேண்டும், அறுவடை நாளில் போய் நிற்க வேண்டும், கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் கொண்டுபோக வேண்டும். நம்பிக்கை வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். அது வாய்க்காதவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள்.

[காட்சி: மலையடிவாரம். சேணத்தில் கலைமான் உடலைச் சுமந்து இறங்கும் குட்டைக் குதிரை.]

நம் ஆரம்பக் காட்சிக்காரர் அன்று சுட்டார், மான் விழுந்தது. ஸ்டாக்கர் அங்கேயே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தார். குதிரை உடலை இறக்கிக்கொண்டிருக்கிறது. விருந்தினருக்குச் சேர்வது கொம்பும், ஒரு பிளாஸ்டிக் பையில் கல்லீரலும். ஸ்டாக்கரின் கையில் தனியாகக் கொஞ்சம் நோட்டுகளை வைத்துவிட்டு, ஈர பூட்ஸோடு காருக்கு நடக்கிறார்.