தேசி மரம் பூக்காமல் நிற்கிறதா?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

"தேசி மரம் கூரைக்கு மேலே வளர்ந்து நிக்குது, ஒரு பூவைக் காணேல்லை." எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் எந்த வளவுக்குப் போனாலும் தேசி, அதாவது எலுமிச்சை, பற்றி இந்தக் கவலையைக் கேட்கலாம். அந்த மரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அநேகமாகக் கிணற்றடியில், இல்லாவிட்டால் குசினித் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்தில். வருஷம் முழுக்க வேர் ஈரத்தில் கிடந்தால் மரம் கொழுந்து விட்டுக்கொண்டே போகும். பூக்காது.

தேசி பூக்க ஒரு வாட்டம் வேண்டும். குளிர்காலம் உள்ள நாடுகளில் எலுமிச்சை இனங்களை அந்தக் குளிர் பூக்க வைக்கிறது. எங்களிடம் அந்தக் குளிர் இல்லை, வறட்சிதான் இருக்கிறது. மாரி மழை ஓய்ந்து மாசி பிறந்ததும் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். குசினித் தண்ணீரை வாழைப் பக்கம் திருப்பி விடுங்கள்.

பிறகு நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம், இலையைப் பாருங்கள். செம்மண் ஆழமில்லாமல் அடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிற காணியில் வாட்டம் கெதியாக வரும், ஆழமான மண்ணில் சுணங்கும். முதலில் மத்தியான வெயிலுக்கு இலை சுருளும், பின்னேரம் நிமிர்ந்துவிடும். அது போதாது. விடியப் போய்ப் பார்க்கும்போதும் சுருண்டபடியே நின்றால் அன்றைக்கே தண்ணீர் கட்ட வேண்டும். இன்னும் பொறுத்தால் கொப்புக் காயத் தொடங்கிவிடும். அடிமரத்தில் ஊற்றாமல், கிளைகளின் நுனி நிழல் விழுகிற இடத்தில் வட்டமாகப் பாத்தி கட்டி நன்றாக ஊற விடுங்கள். மூன்று நான்கு கிழமைக்குள் கொழுந்தோடு மொட்டும் வரும்.

இளங்கன்றை இப்படி வாட்டக் கூடாது. ஒட்டுக் கன்று மூன்றாம் வருஷமளவில் காய்க்கும். விதையில் முளைத்ததற்கு நாலைந்து வருஷமாவது பொறுக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே முள்ளோடு கிளம்புகிற தளிரைக் கண்டவுடன் கிள்ளிவிடுங்கள்.

யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் பெருகும். மாட்டெருவும் ஆட்டெருவும் போதும். சாம்பல் மட்டும் வேண்டாம். பலர் ஆசையாக அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். எங்கள் மண்ணிலும் கிணற்று நீரிலும் ஏற்கெனவே சுண்ணாம்பு கூட. அதற்கு மேல் சாம்பலும் சேர்ந்தால் மரத்துக்கு இரும்புச் சத்தும் நாகச் சத்தும் (துத்தநாகம்) கிடைக்காமல் போகும். கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் காரணம். அதற்கு இலையில் தெளிக்கிற நுண்போசணைக் கலவை உண்டு. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அளவைக் கேட்டுத் தெளியுங்கள்.

பூத்த பிறகு தண்ணீரை மறக்கக் கூடாது. பூவில் பெரும்பகுதி கொட்டும், அது இயல்பு. பயறளவுப் பிஞ்சு கொட்டினால் அநேகமாக மண் காய்ந்துவிட்டது. வைக்கோலோ சருகோ பரப்பி ஈரத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்துக் காலத்தில் காலையில் இலைகளை உற்றுப் பாருங்கள். குருவி எச்சம் போல ஒட்டிக் கிடப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் கொம்பு இரண்டை நீட்டி நாற்றம் விடும். சின்னக் கன்றென்றால் நாலைந்து புழுவே மொட்டையடித்துவிடும். கையால் பொறுக்கினாலே போதும், மருந்து வேண்டாம். பூவுக்குத் தேனீ வருகிற நேரம் அது.

சித்திரையில் பூத்த மரத்தில் ஆவணி, புரட்டாதியில் சொதிக்குப் புளி விடத் தேசிக்காய் பறிக்கலாம்.

நன்றி, வணக்கம்.