பீச்ல லேப்டாப் வச்சு வீடியோ எடிட் பண்ணலாமா? அந்த போட்டோ மறைக்கிற விஷயம்!

[திரையில்: தென்னை நிழல், மடியில் லேப்டாப், பின்னால் நீலக் கடல்]

இந்த போட்டோவை எங்கயாவது பார்த்திருப்பீங்க. இதுல ஒண்ணை மட்டும் உத்துப் பாருங்க. லேப்டாப் ஸ்கிரீன் நம்ம பக்கம் திரும்பியே இருக்காது. ஏன்னா அதுல ஒரு மண்ணும் தெரியாது!

வணக்கம் மக்களே. ஒரு டாகுமெண்டரி எடிட்டிங்கைத் தூக்கிக்கிட்டு வெப்பமண்டலக் கடற்கரையில 6 வாரம் உக்காந்தவன் நான். அதுல மணல்ல உக்காந்து வேலை பார்த்தது மொத்தமே ஒரு 40 நிமிஷம் இருக்கும்.

முதல்ல வெளிச்சம், சட்டுனு முடிச்சிடுறேன். லக்ஸ்னா வெளிச்சத்தை அளக்கிற அலகு. ஆபீஸ்ல சுமார் 500 லக்ஸ், உச்சி வெயில்ல 1 லட்சம் லக்ஸ். 200 மடங்கு! நிழல்ல உக்காந்தாலும் படம் இருட்டாவே தெரியும். நீங்களும் படத்தோட பிரைட்னஸை ஏத்தி ஏத்தி வைப்பீங்க. ராத்திரி ரூம்ல போட்டுப் பார்த்தா எல்லாரும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருப்பாங்க. கலர் கிரேடிங்கை, அதாவது படத்தோட நிறம், வெளிச்சத்தைச் சரி பண்ற வேலையை, ரூமுக்குள்ள வச்சுக்கோங்க, அவ்வளவுதான்.

இப்ப நிஜமான வில்லன். வெயிலும் இல்ல, மணலும் இல்ல. உப்பு.

[திரையில்: அலை நுரை, மிக அருகில்]

அலை உடையும்போது நுரையில இருக்கிற குமிழி ஒவ்வொண்ணா வெடிக்குது. வெடிக்கும்போது பொடிப்பொடியா துளிகளைக் காத்துல எறியுது. தண்ணி காஞ்சு போய், உப்பு மட்டும் மிதந்து வருது. லேப்டாப் ஃபேனுக்கு என்ன தெரியும், பாவம்? சமத்தா உள்ள இழுத்துக்குது.

உப்பு காஞ்சு கிடக்கிற வரைக்கும் பெரிய தொல்லை இல்ல. ஆனா காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா அது தானாவே ஈரத்தை இழுத்துக் கரைஞ்சு தண்ணியாயிடும். மழைக்காலத்துல உப்பு ஜாடி நசநசன்னு ஆகுதே, அதேதான். இந்த மாதிரி கடற்கரையில ராத்திரி ஆனா ஈரப்பதம் அந்த அளவைச் சாதாரணமாத் தாண்டும். அதாவது நீங்க குறட்டை விடுற நேரத்துல உங்க சார்ஜிங் போர்ட்டுக்குள்ள குட்டியா ஒரு கடல் உருவாகுது! அதுல சார்ஜரையும் சொருகி வச்சிருந்தீங்கன்னா? உப்புத் தண்ணி, உலோகம், கரண்ட். பள்ளிக்கூடத்துல மின்னாற்பகுப்புன்னு படிச்சோமே, அந்தப் பரிசோதனையை விடிய விடிய நடத்துறீங்க.

எனக்கு 4வது வாரம் கார்டு ரீடர் மக்கர் பண்ணுச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தா பின் நுனியில பச்சையா என்னமோ. பாசின்னு நினைச்சேன். பாசி இல்ல, களிம்பு! செம்புப் பாத்திரத்துல பிடிக்குமே, அதே களிம்பு. அன்னைக்குத்தான் ரூம் ஜன்னலைச் சாத்தினேன். கடல் காத்துக்காகப் போனவன் கடல் காத்தையே வெளிய தள்ளிக் கதவைச் சாத்துறேன், பாத்துக்கோங்க.

வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் சிலிக்கா ஜெல் போட்ட காத்துப் புகாத பெட்டியில வச்சிடுங்க. லென்ஸ்ல மணல் ஒட்டினா ஊதித் தள்ளுங்க, துடைக்காதீங்க. மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் கண்ணாடியை விடக் கடினம், கோடு விழுந்திடும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. ஷூட் பண்ணது 2 டெராபைட். கடற்கரை வைஃபை அப்லோடு 10 எம்பிபிஎஸ்னு வைங்க. இடைவிடாம ஓடினாலே 18 நாளைக்கு மேல! அதே ஹார்ட் டிஸ்க்கை ஃபிரெண்டு ஒருத்தர் சட்டைப்பையில போட்டுக்கிட்டு 10 மணி நேரம் விமானத்துல பறந்தா? அது சுமார் 444 எம்பிபிஎஸ் வேகம். சாப்பாடு போட்டுத் தூங்க வைக்கிற இன்டர்நெட்! இந்த இடத்துக்காகவாவது ஒரு லைக் போடலாம்.

அப்படிப் பறக்குற ஆளுக்கு எங்க போறதுன்னு கேட்டா, வழி ப்ராக்ஸி. அதாவது எடிட் பண்றதுக்காகவே எடுத்துக்கிற சின்ன சைஸ் நகல். ப்ரோரெஸ் எச்க்யூங்கிற உயர்தர வீடியோ ஃபார்மட்ல, நொடிக்கு 30 ஃபிரேம்ல 4கே வீடியோ, நொடிக்கு கிட்டத்தட்ட 880 மெகாபிட் தின்னும். அதையே 1080 அளவுல ப்ராக்ஸியா மாத்தினா 45 தான். ஒரிஜினல் எடிட் ரூம்லயே கிடக்கட்டும். நீங்க ப்ராக்ஸியில வெட்டி ஒட்டிட்டு, எங்க வெட்டினோம்னு குறிச்சு வச்சிருக்கிற புராஜெக்ட் ஃபைலை மட்டும் அனுப்புங்க, அங்க ஒரிஜினலோட சேர்த்துக்குவாங்க. ஃபைல் பேரை மட்டும் மாத்தித் தொலைக்காதீங்க, அப்புறம் எது எதோட சேரும்னு கடவுளுக்கே தெரியாது.

விசா? டூரிஸ்ட் விசாவுல வேலை பார்க்கலாமாங்கிறது நாட்டுக்கு நாடு மாறும், போறதுக்கு முன்னாடி பார்த்துடுங்க.

கடைசியா சவுண்டு. அலைச் சத்தம் எல்லா அலைவரிசையிலயும் பரவி இருக்கும், நம்ம குரல் இருக்கிற இடத்துலயும்தான். அதை எடுக்கப் போனா குரலும் சேர்ந்து கழண்டு வரும். அதனால இந்த வாய்ஸ் ஓவரை அலமாரிக்குள்ள, போர்வையைப் போத்திக்கிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பேசிட்டு இருக்கேன். பின்னாடி கேக்குற அலையா? அது சவுண்டு லைப்ரரியில இருந்து எடுத்துப் போட்டது மக்களே.